ஸ்பொஞ்சுக்குள்ள ஒரு லயம்

(இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஓய்வுபெற்ற கங்காணி, அதாவது வேலையாட்களை மேற்பார்த்த முத்தையாவின் முன்னறை. கொழும்பிலிருக்கும் மகன் தீபாவளிக்கு வாங்கிக்கொடுத்த 40 லீட்டர் மீன்தொட்டி. உள்ளே ஆறு கோல்ட் ஃபிஷ். பக்கத்து வீட்டு செல்வி, சயன்ஸ் டீச்சர், எட்டிப் பார்க்கிறார்.)

முத்தையா: வா புள்ள, இந்த மரியாதையப் பாரு! என்னையக் கண்டதும் ஆறும் மேல வந்து வாயத் தெறந்து நிக்குது.

செல்வி: அது மரியாதை இல்ல மாமா, மூச்சு முட்டுது. செவுளப் பாருங்க, செக்கச்செவேல்னு இருக்கு. என்ன சாப்பாடு போடுறீங்க?

முத்தையா: கொறையே வைக்கல. காலையில பாண், பகலைக்கு ரொட்டித் துண்டு, ராவைக்கு கடைத்தீனி ஒரு கைப்பிடி.

செல்வி: (தொட்டியடியில் ஊறிக் கிடக்கும் பாணைப் பார்த்து) ஒரு கைப்பிடியா! அதுங்க என்ன மலையேறிக் கொழுந்தா எடுக்குது?

(ஸ்கூல் பையிலிருந்து டெஸ்ட் கிட் வெளியே வருகிறது. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணி, மேலே சொட்டு மருந்து. அஞ்சு நிமிஷம் முத்தையா பேசாமல் இருந்தார். தோட்டத்தில் இது அடிக்கடி நடப்பதில்லை.)

முத்தையா: அட, கொழுந்துப் பச்சை! நல்ல வெளைச்சல்.

செல்வி: மஞ்சளா இருந்தாத்தான் நல்லது மாமா. பச்சைன்னா அமோனியா. மீனு கழிக்கிறதும், இந்த ஊறிப்போன பாணும் சேர்ந்து செஞ்ச வேலை.

முத்தையா: அமோனியாவா? சல்பேட் ஒஃப் அமோனியான்னு தேயிலைக்குப் போட்டோமே, அதா? 2021ல கவர்மெண்டு ரசாயன உரத்த நிப்பாட்டினப்போ மலையே மஞ்சளாப் போச்சு. அன்னைக்கு இந்த ஆறு பேர் இருந்திருந்தா ஒரு நம்பர் தேயிலை மலையையே காப்பாத்தியிருப்பேன்!

செல்வி: செடிக்கு உரம், மீனுக்கு விஷம். நம்ம பீலித் தண்ணி மலை ஊத்துத் தண்ணிதானே, குளிரு, கொஞ்சம் புளிப்புப் பக்கம். அந்தத் தண்ணியில விஷத்தோட வேகம் கொறையும். அதான் இன்னும் உசுரோட நிக்குதுங்க. ஆமா, ஃபில்டரக் கழுவுனீங்களா?

முத்தையா: (பெருமையாக) தெனம். ஸ்பொஞ்சக் கழட்டி, சவுக்காரம் போட்டு, பீலியில வச்சு நுரை போற வரைக்கும் தேய்ப்பேன்.

செல்வி: ஐயோ மாமா! அந்த ஸ்பொஞ்சுதான் லயம், நம்ம தொழிலாளிங்க குடியிருக்கிற லைன் வீடு மாதிரி. கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா அதுலதான் குடியிருக்கு. ரெண்டு கேங்கு. மொதல் கேங்கு அமோனியாவ நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷந்தான். ரெண்டாவது கேங்கு அத நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு மோசமில்ல. நீங்க தெனமும் லயத்தோட சேத்து ஆளுங்களையும் கழுவி ஊத்துறீங்க.

முத்தையா: அப்ப தெனம் விடிஞ்சா, வேலைக்கு ஆள் கூடுற பிரட்டுக்களத்துல ஆளே இல்லையா? பேர் போட ஒருத்தன் மிச்சமில்லாமலா நான் கங்காணித்தனம் பண்ணுனேன்?

செல்வி: புதுத் தொட்டின்னாலே அந்தக் கேங்கு சேர நாலஞ்சு வாரம் எடுக்கும். நம்ம குளிருல இன்னும் மெதுவாத்தான். சரி, இப்பப் பாதித் தண்ணிய மாத்துவோம்.

முத்தையா: இந்தா, பீலிக்குப் போய் ஒரு வாளி...

செல்வி: பனிக்கட்டி மாதிரித் தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, ரெண்டும் ஒரே குளிருக்கு வரட்டும். டவுன் பைப்புத் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் தெறந்து வைக்கணும். ஸ்பொஞ்ச இனி, எடுத்த தொட்டித் தண்ணியிலயே லேசா அலசுனாப் போதும். அதுவும் அடைச்சாத்தான்.

முத்தையா: எடுத்த தண்ணிய?

செல்வி: அத்தையோட ரோசாவுக்கு ஊத்துங்க.

முத்தையா: ஆஹா! (வாளியைத் தேடி ஓடியவர் பாதியில் நிற்கிறார்.) நாலஞ்சு வாரம் ஆளில்லாம எப்படிப் புள்ள ஓட்டுறது?

செல்வி: எங்க வீட்டு டேங்கு ரெண்டு வருசப் பழசு. அதுல இருந்து ஸ்பொஞ்சுத் துண்டு ஒண்ணு வெட்டித் தாறேன். ஆள் உள்ளயே இருக்கு. காய விடாம, தண்ணியிலயே கொண்டு வரணும்.

முத்தையா: எங்க தாத்தா மன்னாருல இருந்து காட்டு வழியா நடத்தியே தோட்டத்துக்கு ஆள் கட்டிட்டு வந்தாரு. பேரன் ஷொப்பிங் பேக்ல கொண்டு வாறேன்! ஆனா புள்ள, வந்ததும் நாள் சம்பளத்தக் கூட்டிக் கேட்டு உக்காந்துற மாட்டாங்களே?

செல்வி: சம்பளமே அந்த அமோனியாதான் மாமா. அந்த ஆளுங்க பெருகுற வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பாதித் தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க. மீனுக்கு ரெண்டு நாள் பட்டினி. அப்புறமும் ஒரு சிட்டிகைதான்.

முத்தையா: (தொட்டியில் குனிந்து, குரலைத் தாழ்த்தி) டேய், ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கெடையாது. என்னையத் திட்டாதீங்க, தொரையோட உத்தரவு.

செல்வி: தொரையா? யாரு மாமா?

முத்தையா: நீதான் புள்ள. நான் வெறும் கங்காணி.