திட்டு வாங்குகிற பிள்ளையெல்லாம் அடிமையா?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 11, 13, 15 வயதுப் பிள்ளைகளில் 11 சதவீதம் பேரிடம் சமூக வலைதளப் பழக்கம் சிக்கலாகிவிட்டதாம். 2018இல் இது 7 சதவீதம். 44 நாடுகள், கிட்டத்தட்ட 2,80,000 பிள்ளைகள். லேசுப்பட்ட வேலையில்லை. ஆனால் இந்த மாதிரி எண்ணைப் பகிர்கிறவர்கள், அதை எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்பதே இல்லை.

ஒன்பது கேள்விகள், அவ்வளவுதான். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் உருவாக்கியது. கடந்த ஒரு வருடத்தில் இப்படி நடந்ததா? ஆம், இல்லை. ஐந்து 'ஆம்' வந்தாலே கோளாறு என்றார்கள் உருவாக்கியவர்கள். ஐரோப்பியக் கணக்கெடுப்பிலோ ஆறு வர வேண்டும். கோடு அவரவர் போடுவதுதான்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. ஒன்பதில் மூன்றைப் பாருங்கள்: இதனால் பிறரோடு வாக்குவாதம் வந்ததா, எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று பொய் சொன்னாயா, அப்பா அம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் பெரிய சண்டை வந்ததா. இதை நம்ம ஊர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அம்மாவின் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் ரீல்ஸ் பார்க்கிற பத்தாம் வகுப்புப் பெண். "எப்பப் பாரு போனு" என்று அப்பா கத்துகிறார். "ஹோம்வொர்க் வாட்ஸ்அப்ல வந்திருக்குப்பா" என்று ஒரு பொய். அண்ணன் போட்டுக்கொடுக்க, வீடே ரெண்டாகிறது. மூன்று 'ஆம்' விழுந்தாச்சு. எதிர் வீட்டுப் பையனுக்குத் தனி போன், தனி அறை. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் பார்ப்பான், கேட்க ஆளில்லை. இந்த மூன்றிலும் அவனுக்குப் பூஜ்யம். அளந்தது பிள்ளையையா, அப்பாவின் கோபத்தையா?

தூக்கம் பற்றி அந்த ஒன்பதில் நேரடியாக ஒரு கேள்விகூடக் கிடையாது என்பது இன்னொரு வேடிக்கை.

லியாம் சாட்செல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் குழு ஒரு குறும்பு செய்தது. இதே பாணிக் கேள்விகளில் சமூக வலைதளத்தை எடுத்துவிட்டு, நேரில் பழகும் நண்பர்களைப் போட்டுக் கேட்டார்கள். பங்கேற்றவர்களில் 69 சதவீதம் பேர் 'நண்பர்களுக்கு அடிமை' என்று வந்தது!

அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறைக்க நினைத்தும் முடியாமல் போனதா என்ற கேள்வியும் அதே ஒன்பதில் இருக்கிறது. அது சரியான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் வீடியோ கேம் கோளாறை நோய்ப்பட்டியலில் சேர்த்தபோதும் கட்டுப்பாடு கைமீறுவதையும், கெடுதல் தெரிந்தும் தொடர்வதையும்தான் பிடித்துக்கொண்டது. சமூக வலைதளத்துக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இன்னும் இல்லை. அதற்குள் நாம் 'அடிமை' என்று முத்திரை குத்த ஆரம்பித்துவிட்டோம்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இப்படி ஒரு படிவம் கொடுத்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். பெயர் எழுதச் சொல்கிறார்களா? நிரப்பியதை வகுப்பாசிரியர் படிப்பாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், "பொய் சொன்னாயா" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளை உண்மை எழுதும்?