இத்தாலிக்குக் கிளம்புகிறவர்களிடம் என்ன கேட்கலாம்?

நேற்று இரவு கைபேசியில் ஒரு வினாடி வினா போட்டுப் பார்த்தேன். இத்தாலியின் கலை, கட்டடங்கள், வரலாறு பற்றிப் பயணிகளுக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்கிற இருபது கேள்விகள். ஒன்றில் மட்டும் ‘தவறு’ என்று சிவப்பு விழுந்தது. மிலானில் லியோனார்டோ டா வின்சி வரைந்த, இயேசு சீடர்களோடு கடைசியாக உண்ட ‘இறுதி இராவுணவு’ எந்த வகை ஓவியம் என்று கேட்டிருந்தார்கள். காய்ந்த சுவரில் வரைந்தது என்ற விடையைத் தொட்டேன். ஃப்ரெஸ்கோ என்பதுதான் சரி என்று சொல்லிவிட்டது.

ஒரு மதிப்பெண் போனால் போகட்டும். அந்தத் தவறான விடையை நம்பி மிலானுக்குப் போகிறவருக்கு, தான் எதன் முன்னால் நிற்கிறோம் என்பதே புரியாது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஃப்ரெஸ்கோ என்றால், சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். சாந்து இறுகும்போது நிறமும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். அதனால் அன்றைக்கு வரையப்போகிற அளவுக்கு மட்டும்தான் சாந்து பூசுவார்கள். இந்த அவசரம் லியோனார்டோவுக்கு ஒத்துவரவில்லை. அவர் நிதானமாக வரைகிறவர், வரைந்ததை மறுபடி மறுபடி திருத்துகிறவர். ஆகவே காய்ந்த சுவரிலேயே வரைந்தார், நிறம் சுவரோடு சேர்ந்து இறுகவில்லை. 1490களில் வரைந்த படம் 1517லேயே சிதையத் தொடங்கியிருந்தது என்று நேரில் பார்த்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அப்போது லியோனார்டோ உயிரோடு இருந்தார்! அப்புறம் 1652இல் வாசல் வைப்பதற்காக அந்தச் சுவரை வெட்டினார்கள், இயேசுவின் பாதங்கள் போயின. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து, ஓவியம் இருக்கும் கூடத்தின் கூரை சரிந்தது. மணல் மூட்டை அடுக்கிப் பாதுகாத்திருந்ததால் ஓவியச் சுவர் மட்டும் தப்பியது. கடைசியாக நடந்த சீரமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டு 1999இல்தான் முடிந்தது. இன்று சிறு சிறு குழுக்களாக, 15 நிமிடம் மட்டும் உள்ளே விடுகிறார்கள். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பது, ‘ஃப்ரெஸ்கோ இல்லை’ என்று தெரிந்தவருக்குத்தான் விளங்கும்.

நண்பர்கள் யாராவது இத்தாலிக்குக் கிளம்பினால் நான் ஒரு கேள்வித்தாள் எழுதிக் கொடுப்பது வழக்கம். டேவிட் சிலையைச் செதுக்கியது யார், கொலோசியம் எப்போது திறந்தது என்றெல்லாம்தான் முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். மைக்கேல் ஆஞ்சலோ, கி.பி. 80 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கே போய் எதையும் உற்றுப் பார்க்க வைக்காத கேள்விகள் அவை. எடுத்துவிட்டேன்.

ரோமில் இருக்கும் பழங்காலக் கோயிலான பாந்தியனைக் கட்டியது யார் என்பதை மட்டும் எடுக்கவில்லை. முகப்பில் பெரிய எழுத்தில், ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டினார் என்றே பொறித்திருக்கிறது. அதை வாசித்து விடை சொன்னால் தவறு. அக்ரிப்பா கட்டியது எரிந்துபோய்விட்டது. இன்று நிற்பது, கி.பி. 126 வாக்கில் பேரரசர் ஹாட்ரியன் முடித்த கட்டடம். அவர் தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே பொறிக்கச் செய்தார். செங்கற்களில் குத்தியிருந்த முத்திரைகளை வைத்துத்தான் பிற்காலத்தில் உண்மையான காலத்தைக் கண்டுபிடித்தார்கள். கூடவே இன்னொன்றும் கேட்பேன்: குவிமாடத்தின் உச்சியில் திறந்த வட்டம் இருக்கிறதே, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது? எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற இடத்தில், இந்தக் கேள்வியோடு போனவர்கள் குனிந்து, தரையில் இருக்கும் வடிகால் துளைகளைத் தேடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறை எங்கே என்பது. அவர் பிறந்த ஊரான பிளாரன்ஸ் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அங்கே சான்டா குரோச்சே தேவாலயத்தில் அவர் பெயரில் பெரிய நினைவுச் சமாதி இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. 1302இல் அவரை விரட்டியதும், திரும்பி வந்தால் உயிரோடு எரிப்போம் என்று தீர்ப்பு எழுதியதும் அதே பிளாரன்ஸ்தான். அவர் 1321இல் ரவென்னாவில் இறந்தார். பின்னாளில் பிளாரன்ஸ் எலும்புகளைக் கேட்டது. 1519இல் போப்பாண்டவரின் அனுமதியோடு ஆட்கள் வந்து திறந்தபோது பெட்டி காலி. ரவென்னாவின் துறவிகள் ஒளித்துவைத்துவிட்டார்கள். 1865இல்தான் அவை மறுபடி கிடைத்தன. இன்றும் ரவென்னாவில் அவர் கல்லறையில் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் பிளாரன்ஸில் இருந்துதான் எண்ணெய் வருகிறது.

போன வருடம் ஒரு தோழி இந்த ஒரு கேள்விக்காகவே ரவென்னாவுக்கு ஒரு நாள் ஒதுக்கினார். சான்டா குரோச்சேயில் காலிச் சமாதி முன்னால் படம் எடுக்க வரிசை நின்றதாம். ரவென்னாவில் அந்த விளக்கின் முன்னால் அவரும், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த ஒரு பெரியவரும் மட்டும்.