மாலை போட்டால் விடுகிறார்கள், ஓடினால் விடுவதில்லை

நான் குடியை விட்டுவிடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வாழ்த்துகள் குவிந்துவிடும். குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஜனவரியில் சென்னையில் மாரத்தான், 42.195 கிலோமீட்டர். அதற்காக நவம்பர், டிசம்பரில் ஞாயிறுதோறும் காலை நாலரைக்கு பெசன்ட் நகரில் நிற்க வேண்டும், 28, 30 கிலோமீட்டர் என்று நீளும் ஓட்டம், வெயில் ஏறிவிட்டால் கால் ஓடினாலும் மூச்சு ஓடாது. ஆனால் எனக்குத் தொல்லை ஞாயிறு இல்லை, சனிக்கிழமை ராத்திரி.

"ஒரு குவார்ட்டர்தானே, காலைல வேர்வைல போயிடும்." இதை நானே பல வருஷம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 180 மில்லி, நம்மூர்ச் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம், ஆக கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் சுத்தம் செய்யும். பத்தரைக்குக் கடைசி மடக்கு என்றால், நாலரைக்கு ஷூ லேஸ் கட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். வியர்வையில் போவது ரொம்பச் சொற்பம். சிறுநீரை அடக்கிவைக்கும் ஹார்மோனைச் சரக்கு அமுக்கிவிடுவதால் ராத்திரியே பாதித் தண்ணீர் பாத்ரூமில் போயிருக்கும். படுத்ததும் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம் வரும், ரெண்டு மணிக்கு மேல் புரளல்தான். சாதாரணமாக 54-ல் இருக்கும் என் நாடித்துடிப்பு அந்தக் காலைகளில் எழுந்ததுமே 63 என்று வாட்ச் காட்டும்.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்த தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் பிராந்தி கொடுத்தார்கள் என்று நண்பன் ஒருவன் ஆதாரம் காட்டினான். கூடவே ஸ்ட்ரிக்னைன் விஷமும் கொடுத்தார்கள், கடைசியில் அவரைத் தாங்கிப் பிடித்துத்தான் கொண்டுவந்தார்கள் என்பதை வசதியாக விட்டுவிட்டான்.

உடம்பைக்கூடச் சமாளித்துவிடலாம், கம்பெனியைச் சமாளிப்பதுதான் பாடு. "நாளைக்கு லாங் ரன் இருக்கு" என்றால், "ஒலிம்பிக்ல மெடல் வாங்கப் போறியா, ஒரு கட்டிங் போடு" என்று கிளாஸை நகர்த்துவார்கள். அதே மேசையில் ஒருவன் "மாலை போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டால் போதும், "மன்னிச்சுக்கோ சாமி" என்று அவன் பக்கத்திலிருந்து பாட்டிலையே தள்ளிவைக்கிறார்கள். ரெண்டும் ஒரே கார்த்திகை, மார்கழிதான், ரெண்டு பேரும் எழுவது ஒரே விடியற்காலைதான். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. குடிக்காமல் இருக்க நம்மிடம் சாமி கேட்கிறார்கள், இல்லையென்றால் டாக்டர் சீட்டு. "எனக்கு வேண்டாம்" என்று ஒருவன் சொல்வது ஏன் காரணமாகாது?

போன ஆண்டு நானும் இந்தக் கணக்கையெல்லாம் கேட்காமல் குடித்துவிட்டுப் போய் 22-வது கிலோமீட்டரில் உட்கார்ந்தேன். இந்த ஆண்டு சனிக்கிழமை கிடையாது, ரேஸுக்கு முந்தைய மூன்று வாரம் சுத்தமாகக் கிடையாது. மற்றபடி எப்போதாவது ஒரு பீர்.

எனக்குக் கட்டிங் நகர்த்திய அதே ஆள் இப்போது மாலை போட்டிருக்கிறான். "எப்படியும் நாலு மணிக்குக் குளிக்க எழுந்திருக்கிறாய், பெசன்ட் நகர் வந்துவிடு" என்று மெசேஜ் போட்டேன். பதில் வந்தது: "வர்றேன் சாமி, ஆனா செருப்பே போடக்கூடாது, ஷூவுக்கு என்ன பண்றது?"