பங்குத்தந்தையின் மேசையில் இருக்க வேண்டிய நோட்டு

"சாமியாருக்கு என்ன வேலை? பூசை வைக்கணும், பிரசங்கம் சொல்லணும், அதோட நிறுத்திக்கணும்" என்று பேசுகிறவர்களிடம் ஒக்கி புயல் நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2017 நவம்பர் 30. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று கன்னியாகுமரி மாவட்டத்து எங்கள் கரை ஊர்களின் ஆண்கள் ஏராளமானோர் ஆழ்கடலில் இருந்தார்கள். சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவுக்கு அப்பாலும் போகிற தங்கல் தொழில். போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே கைபேசி சிக்னல் போய்விடும். புயல் எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் கிளம்பி நாளாகியிருந்தது. அவர்களுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை.

யார் யார் கடலில் இருக்கிறார்கள்? முதல் சில நாட்கள் முழுக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. எங்கள் இடம் அப்படி. ரேஷன் கார்டு கன்னியாகுமரி மாவட்டம். படகு கிளம்பியது கொச்சி தோப்பும்படியிலிருந்து. அதே படகில் கேரளத்துப் பொழியூர்க்காரரும் இருப்பார். இவரை எந்த மாநிலக் கணக்கில் சேர்ப்பது? பங்குக்கு, அதாவது ஒரு ஊர்க் கோயிலும் அதன் மக்களும் சேர்ந்த அமைப்புக்கு, அந்தக் குழப்பம் இல்லை. தூத்தூர் மறைவட்டப் பங்குகள், அதாவது அந்த வட்டாரப் பங்குகள், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பேராயரின் கீழுள்ள திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பங்குத்தந்தைக்கு ஒரு போன் போட்டால் விவரம் வந்துவிடும்.

அந்த நாட்களில் ஒரு பங்கு அலுவலக மேசையில் நான் பார்த்தது ஒரு சாதாரண நீளக் கணக்கு நோட்டு. பெயர், அப்பா பெயர், படகின் பெயர், எந்தத் துறைமுகம், கிளம்பிய தேதி, கடைசியாக யாரிடம் பேசினார் என்று கோடு போட்டிருந்தது. பெண்கள் சொல்லச் சொல்ல ஃபாதர் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். லட்சத்தீவில் ஒதுங்கியவர், குஜராத் பக்கம் கரை சேர்ந்தவர் என்று செய்தி வர வர அந்தப் பெயரை அழித்தார். ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதாண்டாம் பாதர், அவன் வந்திருவான்" என்றார். ஃபாதர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பாட்டி தானாகப் பேரனின் படகுப் பெயரைச் சொல்லும்வரை காத்திருந்தார்.

டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது குருக்களும் அருட்சகோதரிகளும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அந்தப் போராட்டத்தைத்தான் பேசுகிறோம். என் மனதில் நிற்பது அந்த நோட்டு. பெயர்ப் பட்டியல் கையில் இருந்ததால்தான் "தேடுங்கள்" என்ற குரலுக்குக் கனம் வந்தது. அப்புறம் நிவாரணம். காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும். ஒக்கிக்கு அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் இன்னார் இன்ன படகில் போனார் என்று நிரூபிக்க வேண்டுமே. அதற்கும் பங்கு அலுவலகத்துக்குத்தான் ஓடினோம்.

மறு ஆண்டு ஆகஸ்டில் கேரள வெள்ளம் வந்தபோது, திருவனந்தபுரம் கரைப் பங்குகளிலிருந்து வள்ளங்கள் (மீன்பிடிப் படகுகள்) லாரியேறிச் செங்கன்னூர் பக்கம் போனதும் இதே பழக்கத்தால்தான். யாரிடம் வள்ளம் இருக்கிறது, யார் உடனே கிளம்புவார் என்று பங்குக்குத் தெரியும்.

இது புதிதும் அல்ல. குமரிக் கடற்கரை ஊரான முட்டத்தில் பியேர் ஜிலே என்ற பெல்ஜியக் குரு, அலையில் தாக்குப்பிடித்துக் கரையேறும் ப்ளைவுட் படகுகளைக் கட்டுவதற்குப் பட்டறையே வைத்தார். தொழில்காரனின் தொழிலைக் கற்றுக்கொண்டு செய்த ஊழியம் அது. மேடையில் நின்று கை நீட்டிப் பேசுகிற ஊழியம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. திருவிழாவுக்கும் கொடிமரத்துக்கும் வசூல் பண்ணத் தெரிந்த பங்குகளும் நிறைய. அதில் கால்வாசி அக்கறை இந்த நோட்டுக்கு இருந்தால் போதும்.

என் ஆதங்கம் இதுதான். நல்ல ஃபாதர் வந்தால் நோட்டு இருக்கும். சில ஆண்டில் அவருக்கு மாற்றல் வந்தால் நோட்டும் பெட்டிக்குள் போய்விடும். ஒரு ஆளின் நல்ல மனதை நம்பி ஒரு கரை முழுக்க இருக்க முடியாது. கடற்கரைப் பங்குக்கு வருகிற இளம் குருவுக்கு வானிலை அறிக்கை வாசிக்கவும், நலவாரிய அட்டை, காப்பீடு, வாரிசுச் சான்று ஆகியவற்றுக்கு எழுதிக் கொடுக்கவும் குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்திலேயே சொல்லிக் கொடுங்கள். நோட்டை அன்பியப் பெண்களிடம், அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களின் பெண்களிடம், கொடுங்கள். யார் எப்போது கிளம்பினார், எத்தனை நாள் அரிசி கொண்டுபோனார் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மாற்றல் வந்தாலும் நோட்டு ஊரில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இன்று நம் படகுகளில் அசாம், ஒடிசா, வங்காளத் தம்பிகள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்தப் பங்குப் பதிவேட்டிலும் கிடையாது. நாளைக்கு ஒரு படகு வராவிட்டால் அவர்கள் அம்மாவுக்கு யார் போன் பண்ணுவது? அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். தங்கல் போகிற ஒவ்வொரு படகிலும் ஏறுகிறவர் எந்த மதம், எந்த ஊர் என்றாலும் பெயரும் வீட்டு போன் நம்பரும் நம் நோட்டில் ஏற வேண்டும். உங்கள் பங்கிலும் கேளுங்கள்.