கொதிநீரும் பச்சைத் தேயிலையும்

நகரின் மையப்பகுதியில், நான்கு மேசைகளுக்கு மேல் இடமில்லாத ஒரு சிறிய தேநீர்க் கடைக்குள், வாசலில் எழுதிவைத்திருந்த தேயிலை வகைகளின் நீண்ட பட்டியலை நம்பி நுழைந்து, பச்சைத் தேநீர் கேட்டேன். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரே போதும் என்பதும், அதற்கு மேல் போனால் கசப்பும் துவர்ப்பும் அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்பதும் தேயிலையையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தெரியாதா? தளதளவென்று கொதித்த நீரை அப்படியே இலையின் தலையில் கொட்டி, வடிகட்டியையும் எடுக்காமல் கோப்பையை நீட்டினார்கள். சொட்டும் வடிகட்டியை வைக்க ஒரு தட்டு கேட்டதற்கு, சொத்தையே எழுதித் தரக் கேட்டதைப் போலப் பார்த்தார்கள். (பால் கலந்த தேநீர் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.) இரண்டே மிடறில் நாக்கு வறண்டுவிட்டது. வடிகட்டி கடைசி வரை என் கைக்குட்டையின் மேல்தான் கிடந்தது.