கவிஞரும் மெஸ்ஸியும் நானும்

(காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீட்டின் அடுப்படி. ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறப்போட்டு அரைத்த மாவு. நிலைப்படியில் கைபேசியோடு தம்பி. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்று ஜூன் 24. இந்த விவரத்தைக் காலையிலிருந்து வீட்டில் நான்கு பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது ஆள் ஆச்சி. நகரத்தார் வீட்டில் அக்காளைத்தான் ஆச்சி என்று கூப்பிடுவார்கள். பாட்டி என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்குக் கோபம் வரும்.)

தம்பி: ஆச்சி, இன்றைக்கு என்ன நாள் தெரியுமா?

ஆச்சி: தெரியும். சிலிண்டர் தீர்கிற நாள். தீ எப்படிச் சிவப்பாக எரிகிறது பார்.

தம்பி: கவிஞர் பிறந்த நாள் ஆச்சி! நம்ம சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். 1927. மணிமண்டபத்தில் இந்நேரம் மாலை போட்டிருப்பார்கள். மறு வருடம் 1928-ல், இதே ஜூன் 24-ல், பாலக்காட்டுப் பக்கம் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தார்.

ஆச்சி: அப்படியா? பாட்டு முந்திப் பிறந்து, மெட்டு ஒரு வருடம் கழித்து வந்திருக்கிறது. சினிமாவில் மெட்டுக்குத்தானே பாட்டு எழுதுவார்கள்?

தம்பி: இவர்களுக்கு மட்டும் மேலே மாற்றிப் போட்டுவிட்டார்கள். அப்புறம் கேளுங்க, மெஸ்ஸியும் இன்றைக்குத்தான். 1987.

ஆச்சி: எந்த ஊர் மேஸ்திரி?

தம்பி: மேஸ்திரி இல்லை ஆச்சி, மெஸ்ஸி. அர்ஜென்டினாக் கால்பந்து வீரர். 2022-ல் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே!

ஆச்சி: உன் பேரன்கூட நேற்று நடுவீட்டுக் கோலத்தைக் காலாலேயே அழித்தான். அவனுக்கு நீ கோப்பையா கொடுத்தாய்? முதுகில் ஒன்று கொடுத்தாய்.

தம்பி: சரி, பந்து வேண்டாம், கிரிக்கெட்டுக்கு வருவோம். 1974-ல் இதே தேதியில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 42 ரன்னுக்கு மொத்தமாக அவுட். பதினேழே ஓவர். அதிலும் சோல்கர் ஒருவர் மட்டும் 18 எடுத்தார்.

ஆச்சி: நாற்பத்திரண்டா? ஒரு வீட்டுக்குப் பலகாரமாக வைத்தால்கூட முறைத்துப் பார்ப்பார்களே. இதையுமா நாள் குறித்து வைத்துக் கொண்டாடுவது?

தம்பி: கொண்டாட்டம் இல்லை, நினைவுநாள். 2010-ல் விம்பிள்டனில் இஸ்னர், மஹூ என்று இரண்டு பேர் ஒரே ஆட்டத்தை மூன்று நாள் ஆடி இதே தேதியில்தான் முடித்தார்கள். பதினோரு மணி ஐந்து நிமிடம். கடைசி செட் மட்டும் 70-68.

ஆச்சி: நம்ம வீட்டுப் பெண்ணுக்குச் சீர்ச் சாமான் பேசி முடித்ததைவிடக் குறைச்சல்தான்.

(பணியாரம் ஒன்று எண்ணெய்க்குள் போய், ஒரு மூச்சு தாமதித்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கொசுவம் வைத்தபடி உப்பி மேலே வருகிறது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்க்கிறார்கள். அது திரும்பிய பிறகுதான் நெப்போலியன்.)

தம்பி: 1812 ஜூன் 24. நெப்போலியன் நேமன் ஆற்றைத் தாண்டி ரஷ்யாவுக்குள் நுழைந்தார். பட்டாளம் நாலரை லட்சம் பேருக்கும் மேல்.

ஆச்சி: என்ன மாசம்?

தம்பி: ஜூன் என்றேனே.

ஆச்சி: நம்ம மாசம் சொல்லு.

தம்பி: ஆனி.

ஆச்சி: ஆனிக்கு அடுத்து?

தம்பி: ஆடி...

ஆச்சி: ஆடி பிறக்கப் போகிற நேரத்தில் யாராவது ஊர்விட்டு ஊர் போய்க் காரியம் தொடங்குவார்களா? அவன் வீட்டில் பெரியவர்களே இல்லையா?

தம்பி: பிரான்சில் ஆடி கிடையாது ஆச்சி.

ஆச்சி: ரஷ்யாவில் இருந்திருக்கிறதே! போனவன் என்ன ஆனான்?

தம்பி: செப்டம்பர் 14-ல் மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். ஊரே காலி. அப்புறம் தீ வேறு பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, அக்டோபர் 19-ல் திரும்பப் புறப்பட்டார்.

ஆச்சி: ஐப்பசி. திரும்புகிற மாசமும் சரியில்லை. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

தம்பி: அங்கேதான் கோளாறு. வண்டிச் சாமான் பின்னாலேயே நின்றுவிட்டது. வழியில் கிடைக்கும் என்று நம்பினார்கள். ரஷ்யாக்காரர்கள் எதையும் விட்டுவைக்காமல் கொளுத்திவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். பசி, காய்ச்சல், கடைசியில் குளிர். திரும்பி வந்தது சொற்பம் பேர்.

ஆச்சி: நாலரை லட்சம் பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவன் சாமான் லிஸ்ட் போடவில்லை! நம்ம வீட்டுக் கல்யாணத்தில் ஐந்நூறு இலைக்கே சமையல்காரர் எழுதிக் கொடுப்பதை நாலு பேர் சரிபார்க்கிறோம், அதிலும் பெருங்காயம் விட்டுப்போகிறது. அவன் கூட ஒரு செட்டியாரைக் கணக்குக்கு வைத்திருந்தால், முதலில் 'போக வேண்டாம்' என்றிருப்பார். கேட்காமல் போனால், வட்டி போட்டு வாங்கியிருப்பார்.

தம்பி: இதெல்லாம் கிடக்கட்டும் ஆச்சி. முக்கியமான ஆளை விட்டுவிட்டோம். ஜூன் 24-ல் பிறந்தவர் இன்னொருவர் இருக்கிறார். 1964.

ஆச்சி: யாரு?

தம்பி: (சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு) என்னுடைய சர்ட்டிபிகேட்டைப் பாருங்கள்.

ஆச்சி: அதை வேறு பார்க்க வேண்டுமா? எழுதும்போது பக்கத்தில் நின்றவளே நான்தான். 1969-ல் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பச்சி (அப்பாதான்) கூட்டிப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் பெரிய வாத்தியார். உனக்கு நெற்றிப் பொட்டுவரைதான் எட்டியது. வாத்தியார் இரக்கப்பட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, 'எட்டிவிட்டது' என்றார். அன்றைக்குத் தேதி ஜூன் 24. அன்றோடு ஐந்து வயது முடிந்ததாக எழுதினார். 'கவிஞர் பிறந்த நாள், பையன் தமிழில் நன்றாக வருவான்' என்று சமாதானம் வேறு.

தம்பி: வந்தேனா இல்லையா?

ஆச்சி: போன வாரம் மளிகைச் சீட்டில் 'பருப்பு'க்குச் சின்ன 'ரு' போட்டிருந்தாய்.

தம்பி: 'பருப்பு'க்குச் சின்ன 'ரு'தான் ஆச்சி.

ஆச்சி: (கரண்டியைத் தட்டிவிட்டு) அது இருக்கட்டும். கவிஞர் முத்தையாவாகப் பிறந்தார், காரைக்குடியில் தத்துப்பிள்ளையாகக் கூட்டிக்கொண்ட வீட்டில் நாராயணன் ஆனார், எழுத வந்து கண்ணதாசன் ஆனார். அவருக்குப் பெயர் மூன்று, பிறந்த நாள் ஒன்று. உனக்குப் பெயர் ஒன்று, பிறந்த நாள் இரண்டு.

தம்பி: அந்த இரண்டாவதால்தான் எனக்கு நஷ்டம். ஜூன் என்று எழுதிவிட்டதால் 2024 ஜூன் 30-ஆம் தேதியே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிஜத் தேதி இருந்திருந்தால் டிசம்பர் 31 வரை உட்கார்ந்திருப்பேன். முழுசாக ஆறு மாதச் சம்பளம்! காதை எட்டவைத்த வாத்தியார் சம்பளத்தை எட்டாமல் செய்துவிட்டார்.

ஆச்சி: தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ராத்திரி நீ பிறந்தாய். எனக்கு எட்டு வயது. இங்கேயே காற்று ஓடுகளைப் பிய்த்துப் போட்டது. லாந்தர் நிற்கவில்லை.

தம்பி: (கைபேசியை அவசரமாகத் தடவி) 1964 டிசம்பர் 22 ராத்திரி, விடிந்தால் 23. ஆச்சி, நான் பன்னிரண்டு மணிக்கு முன்னாலா, பின்னாலா?

ஆச்சி: ஏன்?

தம்பி: முன்னால் என்றால் கணித மேதை ராமானுஜன் பிறந்த நாள். 1887. பின்னால் என்றால் சரண் சிங், 1902. பிரதம மந்திரி! ஜாதகத்தில் ஜோசியர் 'நள்ளிரவு' என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்.

ஆச்சி: ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் முகப்பில் அடித்தது. நீ அழுததும் அது அடித்ததும் ஒன்றாகக் கேட்டது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரே ஒரு அடி.

தம்பி: ஒரு மணி! அப்போது சரண் சிங்.

ஆச்சி: அவசரப்படாதே. அந்தக் கடிகாரம் அரை மணிக்கும் ஒரு அடிதான் அடிக்கும். பதினொன்றரைக்கும் ஒன்று, பன்னிரண்டரைக்கும் ஒன்று, ஒரு மணிக்கும் ஒன்று.

தம்பி: பதினொன்றரை என்றால் ராமானுஜன் ஆயிற்றே. எப்படித்தான் தெரிந்துகொள்வது?

ஆச்சி: எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் எவ்வளவு வாங்கினாய்?

தம்பி: ...முப்பத்தைந்து.

ஆச்சி: அப்படியானால் பன்னிரண்டு தாண்டித்தான். தட்டை நீட்டு, பணியாரம் ஆறுகிறது.