அந்த ஜோக்கு உங்களோடது இல்லன்னு ஒரு வரி சொல்லிடுங்க

ஃபார்வேர்டு பண்றவங்க மேல எனக்கு கோவமே கெடையாது, அத மொதல்லயே சொல்லிடுறேன். நல்ல ஜோக்கு வந்தா நாலு பேருக்கு அனுப்பத்தான் தோணும். எனக்கு வயிறெரியிறது அதுக்கு அடுத்து நடக்குறதுல. யாரோ எழுதுன வரிய பேர் இல்லாம தன்னோட ஃபேஸ்புக் வால்ல போடுறாரு ஒருத்தர், கீழ "சார் உங்க டைமிங்கே தனி", "எப்படி சார் இப்படிலாம் யோசிக்கிறீங்க"ன்னு கமெண்ட்டா வந்து விழுது, இவரும் ஒவ்வொண்ணுக்கும் ஹார்ட்டு போட்டு "நன்றி சகோ"ன்னு பதில் எழுதுறாரு. அந்த "நன்றி சகோ"லதாங்க திருட்டு முழுசா முடியுது. அதுவரைக்கும் யாரு எழுதுனதுன்னு தெரியாம ஷேர் பண்ணாருன்னு வெச்சுக்கலாம், பாராட்ட வாங்கி பாக்கெட்ல போட்டதுக்கு அப்புறம் என்ன சொல்றது?

என் தோழி ஒருத்தி இங்க எழுதுவா. அவ போட்ட ஒரு வரி: "இன்வெர்ட்டர் வாங்குனதுல இருந்து எங்கப்பா தெனமும் கரண்ட் போகணும்னு வேண்டிக்கிறாரு." அவ்ளோதான் ஜோக்கு. போடுறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புனதால அவ மெனக்கெட்டது எனக்கு தெரியும். மொதல்ல "எங்க வீட்ல எல்லாரும்"னு இருந்துச்சு, அப்புறம் "எங்கப்பா"ன்னு மாத்துனா, ஏன்னா பேட்டரிக்கு தண்ணி ஊத்துறதுல இருந்து வாரண்டி கார்ட பீரோல பத்திரமா வெக்கிறது வரைக்கும் அந்த மனுஷன்தான, காசு போட்டவருக்குத்தான அது வேல செய்யுதான்னு பாக்கணும்னு கெடந்து துடிக்கும். அந்த ஒரு வார்த்தைலதான் மொத்த ஜோக்கும் நிக்குது.

கொஞ்ச நாள்ல ஒரு பெரிய மீம் பேஜ் அத எடுத்துடுச்சு. "எங்கப்பா"வ தூக்கிட்டு "என் பொண்டாட்டி"ன்னு போட்டு, மேல ஒரு வடிவேலு டெம்ப்ளேட், மூலையில அவங்க லோகோ. (எந்த ஜோக்க சுட்டாலும் பொண்டாட்டி ஜோக்கா மாத்திடுறாங்க, ஏன்னு எனக்கு இன்னும் புரியல, ஜோக்கும் செத்துடுது.) இவளுக்கு வந்தது மிஞ்சிப்போனா அம்பது லைக், அங்க ஆயிரக்கணக்குல. கமெண்ட்ல போய் மரியாதையா கேட்டா, கமெண்ட டெலீட் பண்ணி இவள பிளாக் பண்ணிட்டாங்க. அதுக்கும் மேல கொடும, அதே மீம இவளோட மாமா ஃபேமிலி குரூப்ல போட்டிருக்காரு, "மாமா இது நான் எழுதுனது"ன்னு சொன்னா "சும்மா இரும்மா, இது எப்பவோ வந்த பழைய ஜோக்கு"ன்னு பதில். எழுதுனவளே சுட்டவளா ஆயிட்டா. இத யாரும் யோசிக்கிறதே இல்ல, கிரெடிட் போறதோட நிக்காது, அடுத்து அவ எத எழுதுனாலும் எங்க இருந்து எடுத்தான்னுதான் கேப்பாங்க.

"ஒரு வரி ஜோக்குக்கு இவ்ளோ அலப்பறையா"ன்னு கேக்குறவங்களுக்கு: ஆனந்த விகடன், குமுதம்னு நம்ம பத்திரிகைங்க வாசகர் ஜோக்கு ரெண்டே வரியா இருந்தாலும் கீழ எழுதுனவர் பேரும் ஊரும் போடுவாங்க. அந்த பேர அச்சுல பாக்குறதுக்காகவே போஸ்ட் கார்டு போஸ்ட் கார்டா எழுதிப் போட்ட தலைமுறை இருந்துச்சு. அச்சு காலத்துல அவ்ளோ சின்ன எடத்துல பேருக்கு எடம் இருந்தப்போ, எவ்ளோ வேணா எழுதலாங்குற ஃபேஸ்புக்ல எடம் இல்லையா?

நம்ம ஊர்ல எழுதுறவன் பேர் மறையிறது புதுசும் இல்ல. 1989ல வந்த அந்த வாழைப்பழ காமெடி தெரியாத தமிழன் இல்ல, கவுண்டமணி செந்தில் பேர் கொழந்தைக்கு கூட தெரியும், அத எழுதுனது ஏ. வீரப்பன்னு எத்தன பேருக்கு தெரியும்? அவங்க ரெண்டு பேரும் நடிச்சது ஒரு பெரிய உழைப்பு, அதுக்கான பேர் அவங்களுக்கு போகணும்தான். நடிக்கவும் செய்யாம வெறும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பேர கிராப் பண்றவருக்கு எதுக்கு போகணும்?

சட்டம்னு பாத்தா 1957 காப்பிரைட் சட்டத்துல 57வது பிரிவு இருக்கு, உரிமைய வித்துட்டாலும் இது என் படைப்புன்னு சொல்லிக்கிற உரிமை எழுதுனவருக்கு இருக்குன்னு அது சொல்லுது. ஒரு வரி ஜோக்க வெச்சு கோர்ட்ல ஜெயிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லங்கிறது வேற விஷயம். அமெரிக்காவுல டிவி காமெடி ஷோ நடத்துன கோனன் ஓ'பிரையன் மேல ஜோக்க எடுத்துட்டாருன்னு 2015ல போட்ட கேஸு 2019ல சமரசத்துலதான் முடிஞ்சுது. ஆனா அதே 2019ல, கோடிக்கும் மேல ஃபாலோயர் இருந்த ஒரு இன்ஸ்டாகிராம் மீம் பக்கத்த அன்ஃபாலோ பண்ணுங்கன்னு அங்க காமெடியன்ஸ் சேந்து கெளம்புனாங்க, பக்கத்துக்காரரு எறங்கி வந்து இனிமே எழுதுனவங்கள கேட்டுட்டுத்தான் போடுவோம்னு அறிவிச்சாரு. கோர்ட்டால முடியாதத படிக்கிறவங்க செஞ்சாங்க. நம்ம மீம் பேஜ்களும் சினிமா ப்ரமோஷனுக்கு காசு வாங்குற அளவுக்கு வளந்தாச்சு, அந்த ஃபாலோயர் கூட்டம் யார் யாரோ எழுதுன வரியாலயும்தான் சேந்துச்சு.

தெனாலிராமன் கதைக்கும் சர்தார்ஜி ஜோக்குக்கும் யாரும் ஓனர் இல்ல, ஒத்துக்குறேன். ஆனா நேத்து ராத்திரி ஒருத்தர் உக்காந்து எழுதுனத இன்னிக்கு காலையில "படித்ததில் பிடித்தது"ன்னு போடுறது அதுல சேராது. எங்க படிச்சீங்க, அத எழுதுங்க. தெரியலன்னா "என்னோடது இல்ல, எழுதுனவர் தெரிஞ்சா சொல்லுங்க"ன்னு போடுங்க. யாராவது உங்கள பாராட்டுனா அதுக்கு கீழயும் அதையே எழுதுங்க. நான் இருக்குற ஒரு குரூப்ல அட்மின் இத கட்டாயம் ஆக்கிட்டாங்க, பேர் இல்லாத ஜோக்கு வந்தா மொத கமெண்ட்டே "யார் எழுதுனது?"தான். முக்கால்வாசி நேரம் சாயங்காலத்துக்குள்ள யாராவது ஒரிஜினல் போஸ்ட்டோட லிங்க்க கொண்டு வந்து போட்டுடுறாங்க, ஜோக்கு புடிச்சவங்க அங்க போய் லைக்கும் போட்டுட்டு வராங்க.